யாருக்கு எவ்வளவு ஆழம்? நீர்க்காகம், கண்மாய், சாதி

1

தீபாவளிக்கு வெடி போடாத ஊர் என்று கொள்ளுக்குடிப்பட்டியைப் பற்றி வருஷா வருஷம் பத்திரிகைகளில் செய்தி வரும். மதுரையிலிருந்து மேலூர் தாண்டித் திருப்பத்தூர் போகிற வழியில், சிவகங்கை மாவட்டத்துக்குள் இருக்கிறது அந்த ஊர். பெரியகொள்ளுக்குடிப்பட்டி, சின்னக்கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள். மூன்றும் சேர்ந்து 38.4 ஹெக்டேர். 1977இல் இவற்றை வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் என்று அரசு அறிவித்தது. வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் பெருகியதும், தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களில் நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டத் தொடங்கும். சத்தத்துக்கு அவை மிரண்டு ஓடிவிடக் கூடாது என்றுதான் ஊர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாக வெடி போடுவதில்லை.

ஒரு தை மாதம் அந்தக் கரையில் நின்றுகொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். "எத்தனை சாதிப் பறவை பாருங்க தம்பி. ஒண்ணுக்கொண்ணு சண்டை உண்டா, வம்பு உண்டா? அதது எடத்துல அதது இருக்கு. மனுசப் பயதான் அடிச்சுக்கிட்டுச் சாகுறான்."

அவர் எந்தக் கெட்ட எண்ணத்திலும் அதைச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வாக்கியம் என்னோடு பஸ் ஏறி மதுரை வரைக்கும் வந்துவிட்டது. தமிழில் 'சாதி' என்கிற சொல் மீனுக்கும் மாட்டுக்கும் மரத்துக்கும் மனிதருக்கும் பொதுவாகப் புழங்குவது. விலங்கியல் பாடநூல்கள் 'இனம்', 'சிற்றினம்' என்று எழுதப் பழகிவிட்டன. கரையில் நிற்கிறவருக்கு அது இன்னமும் சாதிதான். 'அதது எடத்துல அதது' என்ற மூன்று சொற்களும் அப்படித்தான். இருபதாம் நூற்றாண்டுச் சூழலியலின் மையமான கண்டுபிடிப்பு ஒன்றைச் சுருக்கச் சொன்னால் இந்த மூன்று சொற்களில் சொல்லிவிடலாம். இந்த மண்ணின் சாதி ஒழுங்கைச் சுருக்கச் சொன்னாலும் இதே மூன்று சொற்கள்தான். இரண்டும் ஒரே வாக்கியத்தில் எப்படி வந்து உட்கார்ந்தன என்கிற சரித்திரத்தை இங்கே கொஞ்சம் பின்தொடரலாம்.

2

முதலில் பறவை. நம் கண்மாய்களில் நீர்க்காகம் என்று பொதுப்படச் சொல்வது உண்மையில் ஒரே பறவை அன்று. நெருங்கிய உறவுடைய மூன்று இனங்கள் இருக்கின்றன. சின்ன நீர்க்காகம் சுமார் 50 சென்டிமீட்டர் நீளம். ஊருணி, வாய்க்கால், கண்மாயின் கரையோரத் தண்ணீர் என்று எங்கே கொஞ்சம் நீர் கிடந்தாலும் முங்கிச் சின்ன மீன், தவளை, இறால் என்று பிடித்துத் தின்னும். இந்திய நீர்க்காகம் சுமார் 63 சென்டிமீட்டர். ஒல்லியான நீண்ட அலகு. ஆழமுள்ள நீரில் கூட்டமாகச் சேர்ந்து மீனை விரட்டிப் பிடிக்கும். பெரிய நீர்க்காகம் 80 சென்டிமீட்டருக்கும் மேல். பெரிய ஏரி, அணை என்று அகன்ற நீர்தான் அதற்கு ஒத்துவரும். பிடிக்கிற மீனும் அதற்கேற்பப் பெரியது. இவற்றுக்குச் சற்றுத் தள்ளிய உறவு பாம்புத்தாரா. அதுவும் முங்கித்தான் மீன் பிடிக்கும். ஆனால் நீர்க்காகம் கொக்கி போன்ற அலகால் கவ்வுகிறது, பாம்புத்தாரா ஈட்டி போன்ற அலகால் குத்துகிறது.

கொக்குகளில் இந்தக் கணக்கை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். கால் எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆழம். சின்ன வெள்ளைக்கொக்கு கணுக்கால் தண்ணீரில் மஞ்சள் விரல்களால் சேற்றைக் கலக்கிவிட்டு ஓடி ஓடிப் பிடிக்கும். பெரிய கொக்கு அதைவிட ஆழத்தில் சிலை மாதிரி நிற்கும். உண்ணிக்கொக்கு தண்ணீரையே விட்டுவிட்டு மாட்டின் பின்னால் வெட்டுக்கிளி தேடிப் போய்விட்டது. இராக்கொக்கு மற்றவை அடைகிற நேரத்தில் வேலைக்குக் கிளம்பும். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் இடைவெளி விட்டு வளைந்திருப்பது நத்தையை ஓட்டிலிருந்து எடுப்பதற்குத் தோதாக. மஞ்சள் மூக்கு நாரை பாதி திறந்த அலகை நீருக்குள் விட்டு, மீன் வந்து பட்டதும் மூடிக்கொள்ளும். துடுப்புவாயன் அலகை இடமும் வலமும் அரிவாள் வீசுகிறாற்போல் வீசிக்கொண்டே நடக்கும். கூடு கட்டுவதிலும் பொதுவாகப் பெரிய பறவைகள் மரத்தின் உச்சியிலும் சிறியவை கீழ்க்கிளைகளிலும் இருப்பதைக் காணலாம்.

ஒரே கண்மாய்தான். ஆனால் ஆழத்தால், நேரத்தால், இரையால், பிடிக்கிற முறையால் பல கண்மாய்களாகப் பிரிந்து கிடக்கிறது. ஆசிரியர் சொன்னதில் இவ்வளவு உண்மை இருக்கிறது. 'சண்டை உண்டா' என்றது மட்டும் சரியில்லை. பக்கத்துக் கூட்டிலிருந்து சுள்ளி திருடுவது அன்றாடம் நடக்கிறது. இராக்கொக்கு அடுத்த கூட்டுக் குஞ்சைத் தூக்கித் தின்னும். பெரிய கொக்கின் கூட்டில் முந்திப் பொரித்த குஞ்சு பிந்திப் பொரித்ததைக் கொத்தியே கொன்றுவிடுவது உண்டு. சரணாலயம் என்பது நாம் வைத்த பெயர்.

3

இந்தப் பிரிவினையை அறிவியல் எப்படிப் பார்க்கக் கற்றுக்கொண்டது என்பது தனிக்கதை. 'போட்டி' என்கிற கருத்து இயற்கையிலிருந்து நேராக எடுக்கப்பட்டதன்று, பொருளாதாரத்திலிருந்து வந்தது. டார்வின் 1838இல் மால்தஸைப் படித்த பிறகுதான் பிழைப்புக்கான போராட்டம் என்கிற எண்ணம் அவரிடம் உருப்பெற்றது. அந்த மால்தஸ் 1805 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஹெய்லிபரி கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர். நம் ஜில்லாக்களை ஆள வந்த துரைமார் பலருக்குப் பாடம் எடுத்தவர். தமது ஆங்கிலச் சமூகத்தையே, அதன் வேலைப் பிரிவினை, போட்டி, புதிய சந்தைகள் சகிதம், விலங்கு உலகத்தில் டார்வின் கண்டுகொள்கிறார் என்று மார்க்ஸ் 1862இல் எங்கல்ஸுக்கு எழுதிய கடிதத்தில் கேலியாகக் குறிப்பிட்டார். போட்டியை மட்டுமே பார்க்கிற கண்ணுக்கு மறுப்பாகத்தான் க்ரோபோட்கின் 1902இல் பரஸ்பர உதவி பற்றிய நூலைக் கொண்டுவந்தார். அதிலும் பறவைக் கூட்டங்களுக்கு நிறைய இடம் உண்டு. ஆக, பறவையைப் பார்க்கிறபோது மனிதன் தன் ஊரைப் பார்க்கிறான் என்பது கொள்ளுக்குடிப்பட்டிக் கரையில் தொடங்கிய வழக்கம் இல்லை.

1934இல் மாஸ்கோவில் கௌஸ் என்கிற 23 வயது இளைஞர் ஓர் ஆய்வை வெளியிட்டார். கண்ணாடிக் குழாயில் ஒரே இரையை உண்ணும் இரண்டு வகை நுண்ணுயிர்களைச் சேர்த்து வளர்த்தால், ஒன்று பிழைக்கிறது, மற்றது அழிகிறது. மூன்றாவது வகை ஒன்றைச் சேர்த்தபோது இரண்டும் பிழைத்தன. காரணம், புதிதாக வந்தது குழாயின் அடியில் இருந்ததைத் தின்றது, மற்றது மேலே மிதந்ததைத் தின்றது. ஒரே பிழைப்பு என்றால் ஒருவர்தான் மிஞ்ச முடியும், இருவரும் மிஞ்ச வேண்டுமென்றால் பிழைப்பு வேறுபட்டிருக்க வேண்டும் என்கிற விதி இதிலிருந்து வந்தது. இந்தப் பிழைப்பிடத்துக்கு ஆங்கிலத்தில் 'நிச்' என்று பெயர். 1917இல் அமெரிக்காவில் கிரின்னலும் 1927இல் இங்கிலாந்தில் எல்ட்டனும் அதற்குச் சூழலியல் பொருள் கொடுத்தார்கள். சுவரில் விளக்கோ சிலையோ வைக்கிற மாடக்குழிக்கு உள்ள சொல் அது. கூடு என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்தது என்பது சொற்பிறப்பு ஆய்வாளர் பலர் கருத்து. இங்கு நாமும் மாடம் என்றே சொல்லலாம்.

கண்ணாடிக் குழாயில் நடந்தது கடலிலும் நடக்குமா? அதற்கு விடை தேடியவர் டேவிட் லாக். டார்ட்டிங்டன் ஹாலில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். விடுப்பு எடுத்துக்கொண்டு 1938-39இல் காலபகாஸ் தீவுகளுக்குப் போய்ச் சிட்டுக்களைப் பார்த்தவர். யுத்த காலத்தில் ராடார் பணியில் இருந்தவர். அவர் எடுத்துக்கொண்டது இங்கிலாந்தின் கடற்கரைப் பாறைகளில் வாழும் இரண்டு நீர்க்காக இனங்கள். ஒன்று பெரிய நீர்க்காகம் - நம் அணைகளில் முங்குகிற அதே இனம்தான். மற்றது கடலையே நம்பி வாழ்கிற, கொஞ்சம் சின்னதான கொண்டை நீர்க்காகம். இரண்டும் ஒரே கரையில் வாழ்கின்றன, முங்கி மீன் பிடிக்கின்றன, பாறைச் சரிவில் கூடு கட்டுகின்றன. பார்க்கிற எவரும் இரண்டும் ஒரே சோற்றுக்கு அடித்துக்கொள்கின்றன என்றுதான் நினைப்பார்கள்.

கார்ன்வால் கரையில் ஸ்டீவன் என்கிற ஆய்வாளர் இந்தப் பறவைகளின் வயிற்றைப் பிளந்து பார்த்து 1933இல் வெளியிட்ட கணக்கு கையில் இருந்தது. கொண்டை நீர்க்காகத்தின் இரையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மணலில் புதைகிற ஒல்லி மீனும் சாளை வகை மீனும். பெரிய நீர்க்காகத்தின் வயிற்றில் அவை அநேகமாக இல்லை. அங்கே இருந்தவை நாக்குமீன் போன்ற தட்டை மீன்களும் இறால்களும். ஒன்று கடலுக்குள் போகிறது. மற்றது கழிமுகத்திலும் துறைமுகத்து ஆழமற்ற நீரிலும் மேய்கிறது. ஒன்று பாறையின் குறுகிய விளிம்பில் கூடு கட்டுகிறது. மற்றது அகன்ற தட்டில் கட்டுகிறது. லாக் இதை 1945இல் ஒரு சிறு கட்டுரையாக வெளியிட்டார். ஐந்தே பக்கம். உறவுக்காரப் பறவைகள் ஒரே இடத்தில் வாழ்வதைப் பார்க்கிறவர்கள் அதற்குப் பிறகு எல்லாம் 'எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன' என்று கேட்கத் தொடங்கினார்கள். 1958இல் மக்ஆர்தர் ஊசியிலை மரம் ஒன்றையே மாடி மாடியாகப் பிரித்து, ஐந்து சிட்டு இனங்கள் எந்தெந்த மாடியில் மேய்கின்றன என்று வரைந்து காட்டினார்.

4

ஆனால் இந்தக் கதையில் ஓர் எதிர்க்குரல் ஆரம்பத்திலிருந்தே உண்டு. 1944 மார்ச்சில் பிரிட்டிஷ் சூழலியல் கழகம் இதே பொருள் பற்றி ஒரு கூட்டம் போட்டது. லாக்கும் எல்ட்டனும் கௌஸின் விதிக்கு ஆதரவாகப் பேச, நத்தைகளை ஆராய்ந்தவரான சிரில் டைவர் எழுந்து கடுமையாக மறுத்தார். உணவும் இடமும் உண்மையில் போதாமல் போகிறது என்று முதலில் காட்டுங்கள், அப்புறம் போட்டி பற்றிப் பேசலாம் என்பது அவர் வாதத்தின் சாரம். அன்றைக்கு அது எடுபடவில்லை. முப்பது வருஷம் கழித்து எடுபட்டது. இன்று வேறுபாடு இருக்கிறது என்பதை வைத்து, முன்னொரு காலத்தில் போட்டி இருந்தது, அதனால்தான் இப்படிப் பிரிந்தன என்று சொல்வது, கண்ணுக்குத் தெரியாத பேயைச் சாட்சிக்குக் கூப்பிடுகிற வேலை என்று ஜோசப் கானல் 1980இல் எழுதினார். எப்போதோ முடிந்துபோன போட்டியின் ஆவி.

கானலுக்கு இதைச் சொல்ல அருகதை இருந்தது. ஸ்காட்லாந்துக் கடற்கரையில் அவர் செய்து 1961இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசுகளில் இரண்டு இனங்கள். ஒன்று அலை எப்போதாவது தொடுகிற மேல்பாறையில்; மற்றது நீரில் அதிகம் மூழ்கியிருக்கிற கீழ்ப்பாறையில். நடுவில் கோடு போட்டாற்போல் எல்லை. அதது எடத்துல அதது. கானல் பார்த்துவிட்டுப் போகவில்லை. கீழே இருந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு என்ன நடக்கிறது என்று காத்திருந்தார். மேல்பாறைக் கொட்டலசு கீழேயும் பிழைத்து நன்றாக வளர்ந்தது. அதற்குக் கீழே வாழ முடியாமல் இல்லை. மற்றது மேலேறி நசுக்கி விடாமல் வைத்திருந்தது. கீழ்ப்பாறைக் கொட்டலசின் கதை வேறு. மேலே போனால் வெயிலில் காய்ந்து சாகும். அதை யாரும் தடுக்கவில்லை, அதன் உடம்புக்கு ஆகவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரே எல்லைக்கோடு. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் அது உடம்பின் எல்லை. மறுபக்கத்திலிருந்து பார்த்தால் அடுத்தவரின் பலம். கரையில் நின்று கோட்டைப் பார்ப்பதால் மட்டும் எது எது என்று சொல்ல முடியாது. ஒன்றை எடுத்துப் பார்க்க வேண்டும். அல்லது ஒன்று கோட்டைத் தாண்டும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். பறவைகளின் பிரிவினை எந்நேரமும் இருப்பதில்லை. இரை ஏராளமாகக் கிடக்கும் நாளில் எல்லாம் ஒரே இடத்தில் மேயும். தட்டுப்பாட்டில்தான் வேறுபாடுகள் கூர்மையாகும் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். நமக்கு ஆய்வு எதுவும் வேண்டாம். கோடையில் கண்மாய் வற்றி நடுப்பள்ளத்தில் மட்டும் தண்ணீர் கிடக்கும்போது போய்ப் பார்த்தால் போதும். ஆழம் பார்த்து நின்ற கொக்கு, நாரை, நீர்க்காகம், கூழைக்கடா எல்லாம் ஒரே சேற்றில் தோளோடு தோள் நின்று ஒரே மீனை அள்ளிக்கொண்டிருக்கும். மாடம் என்பது சுவரில் குடைந்த கல் இல்லை; தண்ணீரோடு ஏறி இறங்குவது.

5

இனி மனிதர்களிடம் வரலாம். 1983இல் சூழலியலாளர் மாதவ் காட்கிலும் மானிடவியலாளர் கைலாஷ் மல்கோத்ராவும் இந்தியச் சாதி அமைப்பைச் சூழலியல் கோணத்தில் விளக்கி ஒரு கட்டுரை எழுதினார்கள். மகாராஷ்டிரத்தில் நாடோடிகளாக வேட்டையாடி வாழ்ந்த மூன்று குழுக்கள் பற்றிய ஆய்வு அவர்கள் வாதத்துக்குப் பலம் சேர்த்தது. நந்திவாலாக்கள் நாய்களைக் கொண்டு காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, உடும்பு பிடிப்பார்கள். பான்ஸே பார்திகள் கண்ணி வைத்து மானும் பறவையும் பிடிப்பார்கள். வைதுக்கள் கீரி போன்ற சின்ன ஊனுண்ணிகளைப் பொறி வைத்துப் பிடிப்பார்கள். ஒரே நிலப்பரப்பு, மூன்று மாடங்கள். தமக்குள்ளேயே மணம் செய்துகொள்கிற ஒவ்வொரு குழுவும் ஒரு வளத்தைத் தனதென்று பரம்பரையாக வைத்திருந்ததால் போட்டி குறைந்தது, வளத்தை அழிக்காமல் வைத்திருக்கும் கவனமும் வந்தது என்பது வாதம். 1992இல் காட்கிலும் ராமச்சந்திர குஹாவும் எழுதிய நூல் இதை இந்தியச் சரித்திரத்தின் பெரிய கதையாடலாகவே விரித்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். இவர்கள் சாதிக்கு வக்காலத்து வாங்க வந்தவர்கள் இல்லை. ஏற்றத்தாழ்வும் சுரண்டலும் இருந்ததை அவர்களே சொல்கிறார்கள். நாடோடி வேட்டைக்காரர்கள் பற்றிய அவர்கள் கவனிப்பும் அருமையானது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 'போட்டியைத் தவிர்த்தல்' என்கிற சொற்றொடர் பறவையிடமிருந்து கிராமத்துக்கு மாறும்போது, தவிர்த்தது யார், தவிர்க்க வைத்தது யார் என்கிற கேள்வி வழியிலேயே விழுந்துவிடுகிறது. கானலின் சோதனை பாதிதான் வண்டி ஏறுகிறது.

சாதி வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களைப் பிரிக்கிறது, அதுவும் ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிப் பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936லேயே வாதாடிவிட்டார். சாதிகள் தனித்தனி உடற்கூறு உள்ள கூட்டங்கள் இல்லை என்பதும், அகமணம்தான் அவற்றைத் தனித்தனியாக வைத்திருக்கும் வேலி என்பதும் அவர் 1916லிருந்து சொல்லிவந்தது. நீர்க்காகத்தின் அலகும் கொக்கின் காலும் வேறு. மேலத் தெருக்காரருக்கும் கீழத் தெருக்காரருக்கும் அலகு ஒன்றுதான்.

தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு இங்கே இன்னொரு மயக்கம் காத்திருக்கிறது. திணை. ஐந்நிலம், ஒவ்வொன்றுக்கும் உரிய மரம், விலங்கு, பறவை என்று மேடையில் சொல்லும்போது கைதட்டல் விழுகிறது. சூழலியலை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே தமிழன் கண்டுவிட்டான் என்று முடித்துக்கொள்ளலாம். திணைக் கோட்பாட்டின் நுட்பத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் தொல்காப்பியம் கருப்பொருளைப் பட்டியலிடும் இடத்தைத் திரும்பப் போய்ப் பாருங்கள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, அடுத்துச் 'செய்தி'. செய்தி என்றால் தொழில். நிலத்துக்கு உரிய பறவையும் நிலத்துக்கு உரிய தொழிலும் ஒரே பட்டியலில், ஒரே இலக்கணத்தில் வருகின்றன. பறவை அந்த நிலத்துக்கு உரியது போலவே உழைப்பவரும் உரியவர் என்று வாசித்துக்கொள்ள இந்தப் பட்டியல் பிற்காலத்துக்கு வழிவிட்டிருக்கிறது. அதைக் கேள்வி கேட்காமல் திணையைச் சூழலியல் என்று கொண்டாடினால், கரையில் நின்ற ஆசிரியரின் வாக்கியத்துக்குத்தான் உரை எழுதியவர்களாவோம்.

6

நம் கண்மாய்க்கே வருவோம். மதுரை, ராமநாதபுரம், சிவகங்கைச் சமவெளி கண்மாய்களால் ஆனது. மழை சில மாதம், வெயில் பல மாதம். ஒன்று நிறைந்து அடுத்ததற்குக் கலுங்கு வழியே பாயும் சங்கிலி. இதைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு. ஊரே கூடிக் குடிமராமத்துச் செய்து, நீர்பாய்ச்சி வைத்து, பங்கு முறை வகுத்து, ஒற்றுமையாக வாழ்ந்தார்கள் என்பது ஒன்று. டேவிட் மோஸ் இந்தப் பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட நூல் காட்டுவது இன்னொன்று: கண்மாய் என்பது தண்ணீரைப் போலவே மரியாதையையும் அதிகாரத்தையும் பங்கிட்ட நிறுவனம். யாருக்கு முதல் மடை, யாருக்குக் கடைமடை, கோயிலில் யாருக்கு முதல் மரியாதை என்பவை ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

நீர்பாய்ச்சிகள் பெரும்பாலும் தலித் சாதிகளைச் சேர்ந்தவர்கள். பழைய மடைகளில் அடைப்பைத் திறக்க ஒருவர் நீருக்குள் முங்கித்தான் போக வேண்டும். வெள்ளம் வரும் இரவில், மடை இழுக்கிற இழுப்பில், மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிற வேலை. நீர்க்காகத்துக்கு முங்குவது உடம்பு. நீர்பாய்ச்சிக்கு அது கூலி நெல்லுக்குச் செய்த வேலை. முங்கத் தெரிந்தவர் என்பதால் அந்தச் சாதியிடம் அந்த வேலை போகவில்லை. அந்தச் சாதி என்பதால் முங்க வேண்டியிருந்தது. அவர் முங்கித் திறந்த தண்ணீர் யார் வயலுக்குப் போனது என்பது எல்லோருக்கும் தெரியும்.

குடிமராமத்தும் அப்படித்தான். ஊர் தானாக விரும்பிச் செய்த உழைப்பு என்று இன்று நினைவுகூரப்படும் இதற்காக, கம்பெனி ஆட்சி 1858இல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைப் போட வேண்டியிருந்தது. எல்லோரும் மனம் ஒப்பிச் செய்ததற்குச் சட்டம் எதற்கு?

சுதந்திரத்துக்குப் பிறகு எல்லைக்கோட்டைத் தாண்டிப் பார்க்கிற சோதனை உண்மையிலேயே நடந்தது. சட்டம் சொன்னது: இந்த ஊராட்சியின் தலைவர் பதவி தலித்துக்கு. தலைவர் பதவி என்றால் வெறும் நாற்காலி இல்லை. ஊர்ப் பொதுச்சொத்தின் மீதான உரிமை, ஊராட்சிக் கண்மாய் என்றால் மீன்பாசி ஏலம், மரம், மண், எல்லாம் அதில் அடங்கும். மேலூருக்குப் பக்கத்து மேலவளவு 1996இல் இப்படி ஒதுக்கப்பட்டது. வேட்பு மனுக்களைத் திரும்பப் பெற வைத்தார்கள், தேர்தலைக் குலைத்தார்கள். கடைசியில் போலீஸ் காவலில் நடந்த தேர்தலில் முருகேசன் வென்றார். 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டு ஊர் திரும்பிய பஸ்ஸை மறித்து அவரையும் அவரோடு ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996இலிருந்து 2006 வரை பத்து வருஷம் தலித் தலைவர் ஒருவரை நிலைத்து உட்காரவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போகிற பஸ்ஸும் மேலூர் வழியாகத்தான் போகிறது. 'அதது எடத்துல அதது' என்கிற அமைதி எந்த வகை எல்லையால் ஆனது என்று தெரிந்துகொள்ள இதைவிட வேறு சோதனை வேண்டியதில்லை. உடம்பின் எல்லை என்றால் தாண்டுகிறவர் தானாகத் திரும்பியிருப்பார். அரிவாள் தேவைப்பட்டிருக்காது. கொட்டலசோடு ஒப்பிடுவதும் இங்கே முடிந்துவிடுகிறது. கொட்டலசு தான் நெருக்கியதைத் தர்மம் என்று எழுதி வைப்பதில்லை, நெருக்கப்பட்டது நீதிமன்றம் போவதும் இல்லை.

7

அப்படியானால் பறவையிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லையா? இருக்கிறது. நம் ஆட்கள் எடுத்துக்கொண்ட பாடம் மாறிப்போனது, அவ்வளவுதான். உறவுக்காரப் பறவைகள் சேர்ந்து வாழ்வதற்கு அவற்றின் 'பண்பு' காரணமில்லை. கண்மாய் பல விதமாக இருப்பது காரணம். கரையோரம் கணுக்கால் ஆழம், அடுத்து முழங்கால், அப்புறம் ஆள் ஆழம், நடுவில் மேடு, மரம், கோரை, சேறு. இந்த ஏற்ற இறக்கம் போனால் பங்கீடும் போகும். 2017இல் குடிமராமத்து என்ற அதே பழைய பெயரில் அரசு திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தூர் எடுப்பது தேவையான வேலைதான். ஆனால் பொக்லைன் இறங்கி, கரையை ஒட்டியே செங்குத்தாக வெட்டி, கண்மாயைப் பெட்டி மாதிரி ஆக்குகிற இடத்தில் கொக்கு நிற்க ஆழமற்ற தண்ணீர் மிஞ்சாது. நீர்க்காகம் இருக்கும், கொக்கு போய்விடும். குத்தகைக்காரர் விடுகிற கட்லா, ரோகு மட்டும் வளரும் நீரில் சின்னச் சின்ன நாட்டு மீன்களை நம்பிய பறவைக்கு என்ன மிச்சம்? மதுரை நகரத்தை ஒட்டிய கண்மாய்களுக்கு அந்த நிலைமையும் இல்லை. உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில் 2004இலிருந்து உயர்நீதிமன்றக் கிளை இருக்கிறது.

எனவே பறவை பற்றிப் பேசுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, தண்ணீரில் எத்தனை விதமான இடம் மிச்சமிருக்கிறது என்பது. ஊரைப் பற்றிப் பேசுகிறவர்கள் கேட்க வேண்டியது, எந்த இடத்துக்குப் போக யாருக்குத் தடை, தடுப்பது யார் என்பது. இரண்டும் அவசரமான கேள்விகள். ஒன்றின் விடையை மற்றதற்குக் கொடுத்தால் பறவைக்கும் பிரயோசனமில்லை, ஊருக்கும் பிரயோசனமில்லை.

எங்கள் பக்கத்தில் கம்மா அழியுற நாள் என்று ஒன்று உண்டு. கோடையில் தண்ணீர் வற்றி, மீன் நடுப்பள்ளத்தில் சேர்ந்ததும், நாள் குறித்து ஊர் சாற்றி, எல்லோரையும் இறங்கவிடுவார்கள். ஊத்தா, வலை, வேட்டி, புடவை, கையில் அகப்பட்டது எதுவோ அதைக் கொண்டு சுத்துப்பட்டு ஊர்களெல்லாம் இறங்கும். கரையில் கொக்கும் நாரையும் சிதறுகிற மீனுக்குக் காத்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் சமத்துவத்தின் சித்திரம்தான், சந்தேகமில்லை. ஆனால் கூட்டம் தானாக இறங்குவதில்லை. கரையில் ஊர்ப் பெரியவர்கள் சிலர் நிற்பார்கள். ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுவார், அப்புறம்தான் இறங்கலாம். சின்ன வயதில் நான் மீனையும் பறவையையும்தான் பார்த்தேன். அடுத்த கோடைக்குப் போகிறவர்கள் துண்டை வீசுகிற கையைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், அது எந்தத் தெருக் கை என்று.